தண்ணி போகும் வழி

எங்கள் அப்பாயி துன்ஹிந்தையை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு 76 வயது. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பேர் பதிந்து, அங்கேயே கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். ஆஸ்பத்திரிக்கும் தீபாவளிச் சாமான் வாங்கவும் பதுளைக்கு நூறு தடவையாவது போயிருப்பார். பதுளை டவுனிலிருந்து துன்ஹிந்தை ஐந்து கிலோமீட்டர்தான். அந்த ஐந்து கிலோமீட்டரைப் போய்ப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை. போனால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

2003 ஜனவரியில் எனக்கு ஆசிரியர் நியமனத்தின் நிலுவைச் சம்பளம் மொத்தமாகக் கையில் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி வரிசையில் விடுவது குறைந்திருந்த காலம் அது. பொங்கல் முடிந்த கையோடு அத்தானின் டொல்பின் வேனைப் பேசினேன். டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வதாக அத்தான் சொன்னார். அப்பா, அம்மா, அப்பாயி, தம்பி, தங்கச்சி, நான், ஸ்டீயரிங்கில் அத்தான். மூன்று நாள் பயணம். அம்மாவுக்கு மூன்று நாள் பேர் நட்டம். அதை அம்மா போகும்போதும் சொன்னார், வரும்போதும் சொன்னார்.

அப்பாயி முதலில் வரமாட்டேன் என்றார். காலைக் காரணம் காட்டினார், குளிரைக் காரணம் காட்டினார். கடைசியில்தான் உண்மை வந்தது.

"எங்கிட்ட துண்டு இல்லையே. நடுவழியில எறக்கி விட்டுட்டா?"

துண்டு என்றால் அடையாள அட்டை. அப்பாயியிடம் அது இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. எங்கள் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டும் வந்தது. போகவேண்டிய நேரத்தில் தாத்தா படுத்துவிட்டார், பிறகு எழும்பவேயில்லை. அப்பாயியின் தம்பி குடும்பம் போனது. பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். 1984இல் கப்பலும் நின்றது. காலாவதியான இந்திய பாஸ்போர்ட் ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு அப்பாயி இந்தியாவைப் பார்க்காத இந்தியக்காரியாக எங்கள் லயத்தில், அந்த வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த காம்பராவில், இருந்தார்.

அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரும் கேட்கமாட்டாங்க ஆத்தா. கேட்டா நான் பேசுறேன்" என்றார். அப்படித்தான் அப்பாயி வேனில் ஏறினார்.

முதல் நாள் காலையில் துன்ஹிந்தை. மெயின் ரோட்டில் வேனை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த கூட்டம் வழியெல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அப்பாயி செருப்பைக் கழற்றி வேனிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் போனார். அறுபது வருஷம் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்கள். கல் எது வழுக்கும், எது தாங்கும் என்று அவை பார்க்காமலே அறிந்திருந்தன.

பதுளு ஓயா 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற இடம் அது. நவம்பரில் தொடங்கிய வடகீழ்ப் பருவமழை ஊவா மலைகளை நனைத்து முடித்திருந்த நேரமாகையால் தண்ணீர் நிறைந்து விழுந்தது. தமிழ்நாட்டு மழைக் காலம்தான் எங்கள் மழைக் காலமும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்துக் காய்ந்தால் ஊவாக் கொழுந்துக்கு அந்தப் பேர்பெற்ற மணம் ஏறும், அருவிகள் மெலியும். தேயிலைக்கு நல்ல காலமும் அருவிக்கு நல்ல காலமும் எங்கள் பக்கத்தில் ஒன்றாக வருவதில்லை. துன்ஹிந்தை என்ற சிங்களப் பெயரில் புகை இருக்கிறது. அடிவாரக் குளத்திலிருந்து நீர்த்தூசி வெள்ளைப் புகையாகவே எழுகிறது. அப்பாயி அதைப் பார்த்து, "மலைக்குள்ள நெருப்பு இருக்கா?" என்று தம்பியிடம் கேட்டார்.

தம்பி அப்போது உயர்தரத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தான். இலங்கையில் எரிமலை கிடையாது, இந்த மலைகள் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பூமிக்கு அடியில் வெந்து அழுந்தி இறுகிய பாறைகள், மற்ற நாடுகளில் எரிமலை வாயில் தண்ணீர் நிறைந்து ஏரியாகும், இங்கே நாம் பார்க்கிற பெரிய நீர்நிலை எல்லாம் மனிதர்கள் அணை கட்டித் தேக்கியவை என்று சொன்னான். மஹா ஓயாவில் நிலத்திலிருந்து வெந்நீர் வருவதையும் சொன்னான். அப்பாயி கடைசிவரை கேட்டுவிட்டு, "அது சரி, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்றார்.

மகாவலிக்கு என்றான் தம்பி. பதுளு ஓயா போய் மகாவலியில் சேர்கிறது, மகாவலி திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே நின்றாலும் அப்பாயி அதே கேள்வியைக் கேட்டார். வாழ்நாள் முழுவதும் பீலியில் வரிசை நின்று குடத்தில் தண்ணீர் பிடித்தவர் அவர். இருபது காம்பராவுக்கு ஒரே பீலி. கோடையில் பென்சில் மொத்தத்துக்கு ஒழுகும். அந்தப் பீலிக்கரையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இன்றைக்கு வருமா என்பதுதான் கேள்வி. எங்கே போகிறது என்று கேட்க அங்கே யாருக்கும் மிச்சம் இருந்ததில்லை.

எல்ல என்ற ஊரைத் தாண்டி வெல்லவாய ரோட்டில் இறங்கும்போது இராவணன் பேர் சொல்லும் அருவி ரோட்டோரத்திலேயே விழுகிறது. பஸ்களும் சோளம் விற்பவர்களும் படம் பிடிப்பவர்களுமாக நெரிசல். பத்து நிமிஷம் நின்றோம். தங்கச்சி சீதை குளித்த இடம் எது என்று கேட்டாள், ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள்.

அம்மாவுக்காகத்தான் நான் தியலுமையை வழியில் சேர்த்திருந்தேன். அம்மா பிறந்தது பூனாகலை மேட்டுத் தோட்டம் ஒன்றில். கல்யாணம் முடித்துப் பசறைக்கு வந்தவர். சின்ன வயதில் குளித்த ஆற்றைப் பற்றி எங்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறார். பாறையில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து, ஒவ்வொன்றும் ஒரு தொட்டி மாதிரி இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துப் பாறையிலேயே காயப்போட்டு, அது காயும்வரை பிள்ளைகள் தொட்டிக்குத் தொட்டி தாவுவார்களாம். ஆனால் ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. "அங்கிட்டுப் போனா ஒலகம் முடிஞ்சிரும்" என்று அம்மாயி சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்தான் தியலுமை. பூனாகலை ஓயா 220 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. நாட்டின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் நடுவே, ரோட்டுப் பாலத்தில் நின்று அண்ணாந்தாலே முழுவதும் தெரியும். அத்தான் வேனை ஓரம் கட்டினார். அம்மா இறங்கி மேலே பார்த்தார். நிறைய நேரம் ஒன்றுமே பேசவில்லை.

"இதுதானா?" என்று அப்பா கேட்டார்.

"மேல ஒரு மரம் வளைஞ்சு நிக்குதே, அதுக்குப் பின்னாலதான்" என்றார் அம்மா. "அந்த மரத்த எனக்குத் தெரியும்."

220 மீட்டர் உயரத்தில் ஒரு மரத்தை அடையாளம் கண்டாரா, கண்டதாக நினைத்தாரா, எனக்குத் தெரியாது. அம்மா முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய களைப்பு கழன்று, துணி காயும்வரை காத்திருக்கிற ஒரு பிள்ளையின் முகம் அங்கே இருந்தது. பிறகு பாலத்துக்குக் கீழே இறங்கிப் பாறைகளுக்கு நடுவே போய் இரண்டு காலையும் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தார். தங்கச்சி படம் எடுக்கக் கூப்பிட்டாள், வரவில்லை. அப்பாயிதான் அவரைத் தனியே விடச் சொன்னார்.

இந்தத் தண்ணீர் கிரிந்தி ஓயாவில் சேர்ந்து லுணுகம்வெஹர தேக்கத்துக்குப் போகிறது என்று அத்தான் சொன்னார். அந்தப் பக்கம் நெல் ஏற்றப் போய் வந்து அவருக்குப் பழக்கம். "வயலுக்கா?" என்று அப்பாயி கேட்டார். வயலுக்குத்தான்.

கொஸ்லந்தைக் கடைத்தெருவில் பிளேன்டீ குடித்தோம். கடைக்காரர் அம்மாவின் தோட்டத்து ஆட்களைத் தெரிந்தவர். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொன்னார். ரோட்டுக்கு மேலே மலைச்சரிவில் லயங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. பொழுது சாய்கிற நேரம், அடுப்புப் புகை கூரைகளின் மேல் படிந்திருந்தது. நான் அதை அழகு என்று நினைத்துப் பார்த்தேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்தச் சரிவுகளில் ஒன்றான மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் அப்படியே புதைந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருஷங்கள் முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு எழும்பிப் போக, லயத்து ஆளுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் எங்கே இருந்தது? நாங்கள் அருவியாகப் பார்த்து மகிழ்ந்த மழைத் தண்ணீர்தான் அந்த மலைக்குள் இறங்கி ஊறியது. தியலுமையை நினைக்கும்போதெல்லாம் அந்த மாலையின் அடுப்புப் புகையும் கூடவே வருகிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு முடியவில்லை.

அன்றிரவு அப்புத்தளைக்குப் பக்கத்தில் சித்தியின் லயத்தில் தங்கினோம். இரண்டு காம்பராவில் பதினொரு பேர். சித்தி விடியப் புறம் இரண்டு மணிக்கே எழும்பி ரொட்டி தட்டி, கட்டச் சம்பல் அரைத்து வாழையிலையில் கட்டித் தந்தார்.

பௌர்ணமியை ஒட்டிய நாள். ஓஹிய வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறும்போது நிலா வெளிச்சத்தில் புல்வெளி வெள்ளையாகக் கிடந்தது. நிலவுதான் என்று நினைத்தேன், இறங்கித் தொட்டால் உறைபனி. கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இப்படி ஒரு வெட்டவெளி இருக்கிறது என்பதை நம்புவது கஷ்டம். ஹோட்டன் என்பது 1831இல் வந்த வெள்ளைக்கார ஆளுநரின் பேர். 1988இல் இது தேசியப் பூங்காவானது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் போகிற ஓடைகள் இங்கேதான் பிறக்கின்றன.

வாசலில் டிக்கட். உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்று பலகையில் எழுதியிருந்தது. அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் அப்பா அந்தப் பலகையைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேனின் கடைசி சீட்டுக்குப் போய்ச் சுருண்டுகொண்டார். கவுண்டரில் இருந்த இளைஞர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, விரலால் ஏழு தலை எண்ணி, ஏழு உள்நாட்டு டிக்கட் கிழித்துத் தந்தார். "ஆச்சிக்கு நல்லாப் போர்த்திவிடுங்க, குளிர்" என்று சிங்களத்தில் சொன்னார். வேன் நகர்ந்து வெகுதூரம் போனபிறகும் அப்பாயி அந்த டிக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மரைகள் ரோட்டோரம் நின்று மேய்ந்தன. எங்கள் தோட்டங்களும் ஒரு காலத்தில் காடுதான். அதை அழித்துக் கோப்பி போட்டார்கள், 1869இல் பூஞ்சை பிடித்துக் கோப்பி விழுந்தபிறகு தேயிலை போட்டார்கள். அழிக்காமல் விட்டிருந்தால் நம் மலை எப்படி இருந்திருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மரங்கள் காற்றுக்குக் குனிந்து, கிளையெல்லாம் பாசி தொங்கி, சத்தமே இல்லாமல் நிற்கின்றன.

உலக முடிவுக்கு நடந்து போனோம். நிலம் சட்டென்று முறிந்து கிட்டத்தட்ட 880 மீட்டர் கீழே இறங்குகிற விளிம்பு அது. ஒன்பது மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறிவிடும் என்று அத்தான் விரட்டியதால் நேரத்தோடு சேர்ந்தோம். தெற்கே வெகுதூரம் தெரிந்தது. ஓரத்தில் நின்ற ஒரு குடும்பம் கீழே காட்டி, எவ்வளவு அழகான குட்டிக் கிராமம் என்று பேசிக்கொண்டிருந்தது. அப்பாயி கண்ணுக்கு மேல் கையை வைத்து நிழல் பிடித்துப் பார்த்தார்.

"கிராமம் இல்ல, அது லயம்" என்றார். பிறகு மெதுவாக, "பன்னெண்டு காம்பரா லயம். அதுக்குப் பக்கத்துல பிள்ளைக் காம்பரா. மேல இருக்கிறது ஸ்டோர்."

அவ்வளவு உயரத்திலிருந்து தகரக் கூரையின் நீளத்தை வைத்துக் காம்பராவை எண்ணினார். அது சரியாகத்தான் இருந்திருக்கும். உலகம் முடிகிற இடம் என்று பேர் வைத்த விளிம்பில் நின்று கீழே பார்த்தால் அங்கேயும் எங்கள் ஆட்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. பெலிஹுல் ஓயா அங்கே விழுகிறது. தண்ணீரில் கை வைத்தார் அப்பாயி, உடனே எடுத்துவிட்டார். விரல்கள் மரத்துப் போயின. எங்கே போகிறது என்று கேட்டார். வளவை ஆற்றுக்கு, நாளைக்கு அந்தத் தண்ணீர் தேங்குகிற இடத்துக்குத்தான் போகிறோம் என்று தம்பி சொன்னான். "அதே தண்ணியா?" அதே தண்ணிதான்.

பிற்பகலில் ஹல்துமுல்லைப் பக்கம் பம்பரகந்தை. 263 மீட்டர், இலங்கையிலேயே உயரமானது. அப்பாயி அதைப் பார்க்கவில்லை. வேனில் வாய் திறந்து தூங்கினார், எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் உடவளவை. மலையிலிருந்து இறங்க இறங்க வெயில் ஏறி, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். 1960களில் வளவைக்குக் குறுக்கே அணை கட்டித் தேக்கிய நீர். அதனால் இடம் இழந்த விலங்குகளுக்கென்று 1972இல் சுற்றியுள்ள நிலத்தைப் பூங்காவாக்கினார்கள். அதில் ஒரு பகுதி எங்கள் ஊவா மாகாணம், மறு பகுதி சப்ரகமுவ. ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் முப்பது யானைகளுக்குமேல் எண்ணினான் தம்பி. குட்டி ஒன்று தாயின் காலுக்கு இடையில் ஒதுங்கி நின்றதைப் பார்த்துத் தங்கச்சி மூச்சையே பிடித்துக்கொண்டாள்.

யானைகளைப் பார்த்தபோது எனக்குப் பதுளை நினைவுக்கு வந்தது. அங்கே டவுனில் புனித மார்க் தேவாலயத்தைத் தாண்டித்தான் நாங்கள் எப்போதும் போய் வருவோம். அது மேஜர் ரொஜர்ஸ் நினைவாகக் கட்டியது. பதுளையில் அதிகாரியாக இருந்த அந்த வெள்ளைக்காரர் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். ஊவாவில் காட்டு யானை பார்க்க நாங்கள் மூன்று நாள் சுற்றி உடவளவைக்கு வரவேண்டியிருந்தது. மாட்டு மந்தை மாதிரி யானை நடமாடிய மலைகளில்தான் எங்கள் தாத்தா பாட்டிகள் பிறகு தேயிலைக் குழி வெட்டினார்கள்.

அப்பாயி யானைகளைப் பார்த்துக் கும்பிட்டார், அதோடு சரி. அவருக்கு அணைக்கட்டுக்குப் போகவேண்டும். ஜீப்பிலிருந்து இறங்கி வேனில் அணை வழியாக வந்தபோது நிறுத்தச் சொன்னார். அப்பாவின் கையைப் பிடித்துக் கல் படிகளில் இறங்கி, குனிந்து தண்ணீரை அள்ளினார்.

"நேத்து கை மரத்துச்சு. இன்னிக்கி வெதுவெதுன்னு இருக்கு" என்றார். கொஞ்சம் வாயில் விட்டுக் கொப்பளித்தார். அணைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை வயல். அதைப் பார்த்துக்கொண்டே முகத்தையும் கழுத்தையும் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

தணமல்வில, வெல்லவாய வழியாக வீடு வந்து சேர இரவு பத்து மணியானது. அடுத்த நாள் காலை அம்மா பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த வருஷம் ஒக்டோபரில் புதிய பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. டிசம்பரில் தோட்டம் தோட்டமாக முகாம் போட்டுப் பதிந்தார்கள். பத்து நாளில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் பதிந்ததாகக் கணக்கு. அப்பாயி கோயில் மண்டபத்து வரிசையில் நின்று பெருவிரல் ரேகை வைத்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார்.

வந்த மறுநாள் சாயங்காலம் பீலிக்கரையில் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். யானை கிட்டக்க வந்துச்சா, எத்தனை யானை, பயமா இல்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பாயி பீலியிலிருந்து நிறைந்து வழிகிற குடத்தை நகர்த்தி அடுத்தவர் குடத்தை வைத்துவிட்டு, கல்லிலிருந்து கீழே ஓடைக்கு ஒழுகிப் போகிற தண்ணீரைக் காட்டி, "அங்கிட்டு ஒரு பெரிய அணை இருக்கு. எவ்வளவு நெல்லு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.